டார்செட்ஷைர் குரூசர்: பிஸ்மார்க் முதல் கொழும்பு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் பிஸ்மார்க் மூழ்கிய கதையைத் தமிழில் யார் சொன்னாலும், கடைசிக் காட்சியில் டார்செட்ஷைர் என்ற பிரிட்டிஷ் குரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) வந்து டார்பிடோ விட்டுப் போகும். அதோடு அதை மறந்துவிடுவோம். அந்தக் கப்பலுக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்டால், பதில் நம் வாசலுக்கே வந்து நிற்கிறது: கொழும்பிலிருந்து கிளம்பிய மறுநாள், இலங்கைக்குத் தென்மேற்கே நடுக்கடலில் அது மூழ்கிப்போனது. அதையொட்டி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

டார்செட்ஷைர் எப்படிப்பட்ட கப்பல்?

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டிய கனரக குரூசர். 1927 செப்டம்பரில் அடித்தளம் போட்டார்கள், 1929 ஜனவரியில் நீரில் இறக்கினார்கள், 1930 செப்டம்பரில் சேவையில் சேர்ந்தது. இங்கிலாந்து மாவட்டங்களின் பெயரைத் தாங்கிய 'கவுண்டி' வரிசையில் கடைசிப் பிரிவு இது. நார்ஃபோக் இதன் உடன்பிறப்பு. நீளம் சுமார் 193 மீட்டர், அகலம் 20 மீட்டர். மூன்று உயரமான புகைபோக்கிகள், தண்ணீருக்கு மேலே வீடு மாதிரி எழும்பி நிற்கும் பக்கச் சுவர்கள். 80,000 குதிரைத்திறன், வேகம் 31 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட்) அளவுக்கு மேல், அதாவது மணிக்கு 58 கிலோமீட்டர் சொச்சம்.

ஆனால் இந்தக் கப்பலைப் புரிந்துகொள்ள வேகத்தைவிட முக்கியமான விஷயம், அது ஓடக்கூடிய தூரம். நிதானமாக 12 நாட் வேகத்தில் போனால் ஒரே தடவை நிரப்பிய எண்ணெயில் 12,000 கடல் மைலுக்கு மேல் போகும். பிரிட்டனின் வியாபாரக் கப்பல்கள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காவல் போக, எந்தச் சமுத்திரத்திலும் வாரக்கணக்கில் சுற்றக்கூடிய கப்பல் வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்தது இது.

குரூசரில் கனரகம், இலகுரகம் என்று பிரித்தது யார்? கப்பலின் எடையை வைத்தா?

எடையை வைத்து அல்ல, பீரங்கிக் குழாயின் வாயளவை வைத்து. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம், குரூசர் என்றால் 10,000 டன்னுக்கு மேல் போகக் கூடாது, 8 அங்குலத்துக்கு மேல் பீரங்கி வைக்கக் கூடாது என்றது. 1930 லண்டன் ஒப்பந்தம் அதையே இரண்டாகப் பிரித்தது: 6.1 அங்குலத்துக்கு மேற்பட்ட பீரங்கி இருந்தால் கனரகம், அதற்குள் இருந்தால் இலகுரகம். அதனால்தான் பின்னால் வந்த 6 அங்குல பீரங்கிக் கப்பல்கள் சில, டார்செட்ஷைரைவிடக் கனமாக இருந்தும் 'இலகுரகம்' என்றே காகிதத்தில் நின்றன.

உச்சவரம்பு என்று ஒன்றை எழுதிவைத்தால் எல்லா நாடும் அந்த உச்சியிலேயே போய் உட்காரும். பிரிட்டனும் உட்கார்ந்தது. டார்செட்ஷைரின் கணக்கு எடை 9,975 டன். எண்ணெய், குண்டு, ஆள், சாப்பாடு எல்லாம் ஏற்றினால் 13,000 டன்னைத் தாண்டும்.

முக்கிய பீரங்கிகள் என்ன? எவ்வளவு தூரம் சுடும்?

8 அங்குலப் பீரங்கி எட்டு. முன்னால் இரண்டு கூண்டு, பின்னால் இரண்டு கூண்டு, கூண்டுக்கு இரண்டு குழாய். முன்னவை ஏ, பி. பின்னவை எக்ஸ், ஒய். ஒவ்வொரு குழாயும் ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். குண்டு ஒன்று 116 கிலோ. எட்டும் தூரம் சுமார் 28 கிலோமீட்டர்.

சுடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நமக்கு வெளியே தெரியும் கூண்டு முழு இயந்திரத்தின் தலை மட்டும்தான். உடம்பு பல தளங்களுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. குண்டு ஒரு அறையில், வெடிமருந்து இன்னொரு அறையில். இரண்டும் தூக்கிகளில் ஏறி மேலே வரும். வெடிமருந்து உலோகக் கூட்டுக்குள் வராது, பட்டுத்துணிப் பைகளில் வரும். பட்டு ஏன் என்றால், எரியும்போது கனல் துண்டு மிச்சம் வைக்காது. குழாய்க்குள் கனல் துண்டு கிடந்தால் அடுத்த பை உள்ளே போகும்போதே பற்றிக்கொள்ளும், அப்புறம் கூண்டில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். முதலில் குண்டைத் தள்ளி, பின்னாலேயே பைகளைத் தள்ளி, பின்கதவைச் சுழற்றிப் பூட்டிச் சுட வேண்டும். நல்ல பயிற்சி உள்ள குழு இதை நிமிஷத்துக்கு மூன்று நான்கு தடவை செய்யும்.

எட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் சுட்டால் 928 கிலோ இரும்பு பறக்கும். பிரமாதம் என்று தோன்றும். பிஸ்மார்க்கின் ஒரே ஒரு 38 செ.மீ. குண்டு 800 கிலோ. டார்செட்ஷைர் மொத்த பலத்தையும் திரட்டி ஒரு தடவை சுடுவது, பிஸ்மார்க்கின் ஒற்றைக் குழாய் ஒரு தடவை சுடுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குரூசருக்கும் பெரும் போர்க்கப்பலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு பிஸ்மார்க் கதையைப் படித்தால், டார்செட்ஷைரின் கேப்டன் எதை நோக்கி ஓடினார் என்பது உறைக்கும்.

டார்பிடோ, விமான எதிர்ப்புப் பீரங்கி?

பக்கத்துக்கு நான்காக எட்டு டார்பிடோக் குழாய்கள், 21 அங்குலம். உந்து விசையால் எறியும் மேடையிலிருந்து பறக்கவிட ஒரு சின்ன வேவு விமானம். போர்க்காலத்தில் அது வால்ரஸ் என்ற இரட்டைச் சிறகு விமானம். கடலில் இறங்கும், பாரந்தூக்கி வைத்து மேலே எடுத்துக்கொள்வார்கள்.

விமானத்தைச் சுட, முதலில் 4 அங்குலப் பீரங்கி நான்குதான் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் அவற்றை எடுத்துவிட்டு இரட்டைக் குழாயாக நான்கு ஜோடி வைத்தார்கள். கூடவே எட்டுக் குழாய் 'பாம்பாம்' பீரங்கி இரண்டு. சுடும்போது எழும் சத்தமே அதற்குப் பெயராகிவிட்டது. போர் தொடங்கியபின் 20 மி.மீ. ஓர்லிக்கன் பீரங்கிகளும் சேர்ந்தன.

1930இல் இதைப் பார்த்தவர்கள் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்றைய விமானம் துணி போர்த்திய சிறகோடு தத்தித் தத்திப் பறந்தது.

கவசம்?

பதில் சுருக்கம்: ஒன்றும் பெரிதாக இல்லை. வெடிமருந்து அறைகளைச் சுற்றி மட்டும் கனமான தகடுகள், மேல்தளத்திலும் பக்கங்களிலும் ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம். 10,000 டன்னுக்குள் எட்டுப் பெரிய பீரங்கி, நல்ல வேகம், நீண்ட ஓட்டம் மூன்றையும் அடக்கினால் நான்காவதாகக் கவசத்துக்கு இடம் எங்கே? கட்டியவர்கள் தெரியாமல் செய்யவில்லை. கணக்குப் பார்த்து விட்டுக்கொடுத்தார்கள்.

போர் ஆரம்பித்தபோது எங்கே இருந்தது?

சீனக் கடலில். ஜெர்மனியின் போர்க்கப்பல் கிராஃப் ஸ்பே வியாபாரக் கப்பல்களை வேட்டையாடுகிறது என்று தெரிந்ததும் பிரிட்டன் பல வேட்டைக் குழுக்களை அமைத்தது. அதில் ஒன்று 'ஃபோர்ஸ் ஐ', இலங்கையைத் தளமாகக் கொண்டது. உறுப்பினர்கள்: விமானந்தாங்கி ஈகிள், குரூசர்கள் கார்ன்வால், டார்செட்ஷைர். கார்ன்வாலின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

1939 டிசம்பரில் கிராஃப் ஸ்பே தென் அமெரிக்கக் கரையில் மாண்டிவிடியோவுக்குள் அடைபட்டபோது, தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து டார்செட்ஷைரை அங்கே விரட்டினார்கள். போய்ச் சேருவதற்குள் 17ஆம் தேதி ஜெர்மானியர்களே அதை வெடிவைத்து மூழ்கடித்துவிட்டார்கள்.

1940இல் என்ன செய்தது?

பெரும்பாலும் ரோந்து. பிப்ரவரியில் பிரேசில் பக்கம் வாகாமா என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலை மடக்கியது. அதன் ஆட்களே அதை மூழ்கடித்துக்கொண்டார்கள். ஜூலையில் மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷெலியூவைக் கண்காணித்தது. நவம்பரில் இத்தாலிய சோமாலிலாந்தில் ஸாண்டே என்ற ஊரைச் சுட்டது. குரூசரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான்: மாசக்கணக்கில் வெறும் கடல், நடுவில் ஒரு மணி நேரம் பரபரப்பு.

பிஸ்மார்க் வேட்டையில் இது எப்படி நுழைந்தது?

யாரும் கூப்பிடாமல்.

1941 மே 24 அன்று பிஸ்மார்க், பிரிட்டனின் செல்லக் கப்பல் ஹூடை அடித்து மூழ்கடித்தது. 1,418 பேரில் மூவர்தான் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பிஸ்மார்க் கண்ணில் படாமல் நழுவி, 26ஆம் தேதி காலை மறுபடி ஒரு கடலினா விமானத்தின் கண்ணில் பட்டது. அந்தச் செய்தி வானொலியில் போனபோது டார்செட்ஷைர், சியரா லியோனிலிருந்து இங்கிலாந்து போகும் எஸ்.எல். 74 என்ற கப்பல் வரிசைக்குக் காவலாகத் தெற்கே எங்கோ இருந்தது. கேப்டன் பெஞ்சமின் மார்ட்டின் செய்தியைப் படித்தார், வரைபடத்தைப் பார்த்தார். உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. வரிசையை வேறொரு துணைக்கப்பலின் பொறுப்பில் விட்டுவிட்டு வடக்கே திருப்பினார். இரவு முழுக்க அலை முட்டிமோத ஓடி, 27ஆம் தேதி காலை களத்துக்கு வந்து சேர்ந்தது.

அதற்குள் ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கியிலிருந்து வந்த ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கியிருந்தன. ரோட்னி, கிங் ஜார்ஜ் 5 என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் அதை நொறுக்கிக்கொண்டிருந்தன. டார்செட்ஷைர் 9:04க்குச் சுட ஆரம்பித்தது. மொத்தம் 254 குண்டு.

கடைசியில் பிஸ்மார்க்கை மூழ்கடித்தது டார்செட்ஷைரா, ஜெர்மானியர்களேவா?

இந்தச் சண்டை 80 வருஷமாக ஓயவில்லை. நடந்தது இது: பத்து மணி தாண்டியபோது பிஸ்மார்க்கின் பீரங்கிகள் எல்லாம் செத்துவிட்டன, கப்பல் எரிகிறது, ஆனாலும் மிதக்கிறது. ரோட்னிக்கும் கிங் ஜார்ஜுக்கும் எண்ணெய் தீர்ந்துவந்தது. டார்பிடோ மிச்சம் வைத்திருந்த டார்செட்ஷைர் கிட்டப் போய், சுமார் மூன்று கிலோமீட்டரிலிருந்து வலப்பக்கத்தில் இரண்டு விட்டது. பிறகு சுற்றிவந்து இன்னும் நெருங்கி இடப்பக்கத்தில் ஒன்று. சில நிமிஷங்களில் பிஸ்மார்க் கவிழ்ந்து, 10:40 வாக்கில் மறைந்தது.

பிழைத்த ஜெர்மானியர்களோ, அதற்கு முன்பே நாங்கள் உள்ளே வெடிவைத்து, அடைப்புகளைத் திறந்துவிட்டோம் என்றார்கள். 1989இல் ராபர்ட் பாலார்ட் குழு அதன் சிதைவைக் கண்டுபிடித்தபின் அந்தக் கட்சி வலுத்தது.

என் கருத்து: இரண்டும் உண்மைதான். வெடி வைத்தது பொய்யில்லை. ஆனால் சுமார் 2,800 குண்டுகளைச் சுட்டு, எழுந்திருக்க முடியாமல் அடித்த பிறகு, தானாகவே படுத்துக்கொண்டான் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? டார்பிடோ அதை விரைவுபடுத்தியது, அவ்வளவுதான். 'பிஸ்மார்க்கைக் கொன்ற கப்பல்' என்று டார்செட்ஷைரைக் கொண்டாடுவதும் மிகை. அந்தக் காரியத்தை முக்கால்வாசி முடித்தவை துணிச்சிறகு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள்.

தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானவர்களை விட்டுவிட்டுப் போனது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இதுதான்.

பிஸ்மார்க்கில் இருந்தவர்கள் 2,200க்கும் மேல். நூற்றுக்கணக்கானவர்கள் எண்ணெய் மிதக்கும் குளிர்கடலில் டார்செட்ஷைரின் பக்கவாட்டில் வந்து மோதினார்கள். மேலிருந்து கயிறுகளை வீசினார்கள். கயிறும் எண்ணெய், கையும் எண்ணெய். பிடித்து ஏறப் பார்த்தவர்கள் பாதியில் வழுக்கி விழுந்தார்கள். அந்த உயரமான பக்கச் சுவர், நான் முன்னே வீடு மாதிரி என்றேனே, இங்கே எதிரியாகிவிட்டது. கைகளை இழந்த ஒரு ஜெர்மானியருக்குக் கயிற்றுக் கண்ணி மாட்ட, டார்செட்ஷைரின் பயிற்சி அதிகாரி ஒருவர், இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்காத வயது, பக்கவாட்டில் இறங்கினார். அவரை மாட்டுவதற்குள் அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த நேரத்தில் நீர்மூழ்கி தென்படுவதாக எச்சரிக்கை வந்தது. மார்ட்டின் இயந்திரத்தை ஓட்டச் சொன்னார். கயிற்றில் தொங்கியவர்களை அப்படியே உதறிக்கொண்டு கப்பல் நகர்ந்தது. டார்செட்ஷைர் ஏற்றியது 80க்கும் சற்று அதிகம், மாவோரி என்ற நாசகாரிக் கப்பல் 25. பிறகு ஜெர்மன் கப்பல்கள் ஐந்து பேரைக் கண்டெடுத்தன. அவ்வளவுதான். உத்தரவில்லாமல் இறங்கிய அந்தப் பயிற்சி அதிகாரிக்குக் கேப்டனிடமிருந்து கிடைத்தது காவல்தண்டனை.

மார்ட்டின் செய்தது தவறா? ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தப் பகுதிக்கு வந்துகொண்டிருந்தது பொய்யில்லை. நின்றுபோன ஒரு பெரிய குரூசர் அவற்றுக்குத் தட்டில் வைத்த சோறு. தன் ஆட்கள் 700, 800 பேர் அவர் கணக்கில் இருந்தார்கள். நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கயிறுகளை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

பைத்தான் என்ற கப்பலை இதுதான் மூழ்கடித்ததா?

மூழ்க வைத்தது என்று சொல்லலாம். 1941 டிசம்பர் 1, தெற்கு அட்லாண்டிக். சில நாட்களுக்கு முன் டெவன்ஷைர் என்ற இன்னொரு கவுண்டி குரூசர் ஜெர்மன் கொள்ளைக்கப்பல் அட்லாண்டிஸை அடித்திருந்தது. அதில் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு பைத்தான் என்ற விநியோகக் கப்பல், நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. டார்செட்ஷைர் வந்து எச்சரிக்கையாகச் சுட்டதும், ஆட்கள் இறங்கிப் படகுகளில் ஏறிக் கப்பலைத் தாங்களே மூழ்கடித்தார்கள். நீர்மூழ்கி பயத்தில் இந்தத் தடவையும் டார்செட்ஷைர் நிற்கவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களை நீர்மூழ்கிகள் படகுகளோடு கட்டி இழுத்து, பிறகு இத்தாலிய நீர்மூழ்கிகளும் சேர்ந்து, பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

கடைசிக் கேப்டன் யார்?

ஆகஸ்டஸ் ஏகர், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். வாங்கிய காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாது. 1919 ஜூனில், 40 அடி நீளமே உள்ள ஒரு மோட்டார் படகில், ஒரே ஒரு டார்பிடோவை வைத்துக்கொண்டு ரஷ்யாவின் குரோன்ஷ்டாட் தளத்துப் பக்கம் போய், ஒலெக் என்ற குரூசரை மூழ்கடித்தவர். சின்னது வேகமாகக் கிட்டப் போனால் பெரிய குரூசர் எப்படிச் சாகும் என்று உலகத்தில் யாருக்காவது நேரடியாகத் தெரிந்திருந்தால் அது இவருக்குத்தான்.

1942 ஏப்ரலில் டார்செட்ஷைர் கொழும்புக்கு ஏன் வந்தது?

சிங்கப்பூர் விழுந்துவிட்டது, ரங்கூன் போய்விட்டது. இந்துமாக் கடலில் பிரிட்டனுக்கு மிச்சமிருந்த பிடி இலங்கை. அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் கிழக்குக் கப்பற்படைக்குத் தலைவராக வந்திருந்தார். ஏப்ரல் முதல் தேதி வாக்கில் ஜப்பானியர் இலங்கையைத் தாக்குவார்கள் என்று உளவுத் தகவல் வந்தது. சோமர்வில் படையைத் திரட்டி இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஒன்றாம் தேதி போனது, இரண்டாம் தேதி போனது, யாரும் வரவில்லை. பழைய போர்க்கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துவந்தது. தகவல் பொய் போலிருக்கிறது என்று நினைத்துப் பெரும்பகுதியை மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குத் திருப்பினார். அது ஜப்பானியருக்குத் தெரியாத ரகசியத் தளம். அப்படியே டார்செட்ஷைரைப் பாதியில் நின்ற பழுதுபார்ப்பைத் தொடரவும், கார்ன்வாலைத் துருப்புக் கப்பல்களுக்குத் துணைபோகவும் கொழும்புக்கு அனுப்பினார். விமானந்தாங்கி ஹெர்மிஸ் திருகோணமலைக்குப் போனது.

4ஆம் தேதி மாலை, தென்னிலங்கையின் கொக்கலவிலிருந்து பறந்த கடலினா விமானத்தில் கனடாக்காரர் லெனார்ட் பர்ச்சால், தெற்கே ஜப்பானியப் பெரும்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். ஐந்து விமானந்தாங்கிகள் கொண்ட ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை அது, அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரை அடித்த அதே படை. கொழும்புத் துறைமுகத்தை அவசரமாகக் காலி செய்தார்கள். டார்செட்ஷைரும் கார்ன்வாலும் இரவு பத்து மணி வாக்கில் கிளம்பி, சோமர்விலோடு சேரத் தென்மேற்கே ஓடின. மறுநாள் மாலை 4 மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு.

ஏப்ரல் 5 அன்று என்ன நடந்தது?

ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணி வாக்கில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. ஆனால் தேடிவந்த பெரிய கப்பல்கள் அங்கே இல்லை. காலை பத்து மணி சுமாருக்கு, டோனே என்ற ஜப்பானியக் குரூசரின் வேவு விமானம் தெற்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு குரூசர்களையும் பார்த்துவிட்டது.

வானம் துடைத்துவிட்ட மாதிரி. மேகம் இல்லை, ஒளிய இடம் இல்லை. கப்பல்கள் 27 நாட் வேகத்துக்கு மேல் ஓடின. தலைக்கு மேல் எதிரி விமானம் தென்பட்டது. வானொலியில் உதவி கேட்டால் சோமர்விலின் இருப்பிடமும் வெளிப்படும் என்று ஏகர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

மதியம் 1:40 வாக்கில் 53 டைவ் பாம்பர்கள் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள்) வந்தன. அகாகி, சோரியு, ஹிரியு என்ற மூன்று விமானந்தாங்கிகளிலிருந்தும் கிளம்பியவை. தலைமை டகாஷிகே எகுசா. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கப்பலின் மூக்கு நேரே, மூன்று மூன்றாகச் செங்குத்தாக இறங்கின. முதல் குண்டுகளிலேயே டார்செட்ஷைரின் சுக்கான் போனது, வானொலி போனது. வெடிமருந்து அறை ஒன்று வெடித்தது. பத்துக் குண்டுகள் பட்டன. எட்டுப் பத்து நிமிஷத்தில், பின்பக்கம் முதலில் அமிழ, கப்பல் மறைந்தது. கார்ன்வால் இன்னும் சில நிமிஷம் தாங்கியது. ஜப்பானியர் தரப்பில் அந்தத் தாக்குதலில் ஒரு விமானம்கூட விழவில்லை.

அத்தனை விமான எதிர்ப்புப் பீரங்கி இருந்தும் ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை?

அந்தப் பீரங்கிகள் கப்பலின் நடுப்பகுதியில், இரு பக்கமும் பார்த்து இருந்தன. நேர் முன்னாலிருந்து வருபவனைச் சுட வேண்டுமானால் பாலமும் பாய்மரக்கம்பமும் முன் கூண்டுகளும் குறுக்கே நிற்கும். எகுசாவின் ஆட்கள் அந்தக் குருட்டு மூலையிலிருந்துதான் வந்தார்கள். 8 அங்குலப் பீரங்கிகளை வானத்தை நோக்கியும் திருப்பலாம் என்று இந்த வரிசையை வரைந்தவர்களுக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்தது. 116 கிலோ குண்டைத் தள்ளி, பைகளைத் தள்ளி, பின்கதவைப் பூட்டும் 15, 20 விநாடிக்குள் டைவ் பாம்பர் இறங்கி, போட்டு, எழும்பிப் போயிருக்கும். எட்டுப் பெரிய பீரங்கிகளுக்கும் அன்று வேலையே இல்லை. தலைக்கு மேல் தன் பக்கத்து விமானம் இல்லாத கப்பலுக்கு 1942இல் பீரங்கி கூடுதலோ குறைவோ, முடிவு ஒன்றுதான்.

எத்தனை பேர் இறந்தார்கள்? பிழைத்தவர்களை எப்போது மீட்டார்கள்?

டார்செட்ஷைரில் 234, கார்ன்வாலில் 190, மொத்தம் 424. பிழைத்தவர்கள் 1,100க்கும் மேல். உதவி உடனே வரவில்லை. சோமர்வில் எங்கே ஜப்பானியர் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். காயம்பட்டவர்களை மிஞ்சிய படகுகளில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் மிதப்பதையெல்லாம் பிடித்துக்கொண்டு, எண்ணெய் பூசிய தலையோடு, பூமத்தியரேகை வெயிலில் கிடந்தார்கள். ஏகரும் அவர்களோடுதான். கப்பல் அவரை ஆழத்துக்கு இழுத்துப் பின் விட்டது. இரவு போய் மறுநாளும் சாயும் நேரத்தில்தான் என்டர்பிரைஸ் குரூசரும் பேலடின், பேந்தர் நாசகாரிகளும் வந்தன. ஏறக்குறைய 30 மணி நேரம்.

பிஸ்மார்க் நாளிலிருந்து எண்ணினால் பதினோரு மாசம்கூட ஆகவில்லை.

தவறு யாருடையது?

முதல் தவறு சோமர்விலுடையது என்றே நினைக்கிறேன். எதிரி வரமாட்டான் என்று தீர்மானித்துப் படையைப் பிரித்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர். ஏகர் முன்னரே வானொலியைத் திறந்திருந்தால் தப்பியிருப்பாரா? சந்தேகம். சோமர்விலிடம் இருந்த சில டஜன் பழைய விமானங்கள் வந்திருந்தால், அவரது முழுப்படையும் நகுமோவின் வாயில் விழுந்திருக்கும். ஏகரின் மௌனம் அந்தப் படையைக் காப்பாற்றியது என்று வாதிடவும் இடமுண்டு.

எம்டனோடு ஒப்பிட்டால் இது பெரியதா?

மிகப் பெரியது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டு, நம் பேச்சுவழக்கில் 'எமகாதக' அர்த்தத்தில் இன்னும் உயிரோடிருக்கும் எம்டன், 10.5 செ.மீ. பீரங்கி கொண்ட இலகுரகக் குரூசர். டார்செட்ஷைரின் ஒரு குண்டு எம்டனின் ஆறு குண்டுக்கு மேல் எடை. ஆனாலும் பாருங்கள், நம்மூரில் பெயர் நின்றது எம்டனுக்குத்தான்.

இந்தத் தாக்குதலால்தான் சென்னையைக் காலி செய்தார்களா?

இதே படையெடுப்பின் பீதி அது. கொழும்பு தாக்கப்பட்ட மறுநாள், ஏப்ரல் 6 அன்று, விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. அடுத்து சென்னைதான் என்று ஊரே மூட்டைகட்டியது, அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு திறந்துகொண்டால் என்ன செய்வது என்று. ஜப்பானியர் வரவில்லை.

சிதைவைப் போய்ப் பார்க்க முடியுமா?

டார்செட்ஷைரை முடியாது. ஆழ்கடலில், கரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து வெளியேறித் தெற்கே ஓடும்போது அதே படையின் விமானங்களிடம் மாட்டிய ஹெர்மிஸை முடியும். மட்டக்களப்புக் கரையிலிருந்து படகில் போய், ஆழத்துக்கு இறங்கப் பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன.